தங்கச்சி வீட்டு விலாசம்

எங்கள் கிடங்கு வரிசையில் ஐரீனுக்குப் பொறாமை உண்டு என்று யாரும் தனியாகச் சொல்வதில்லை. எண்ணூர் சாலையில் லாரி உண்டு என்று யாராவது சொல்வார்களா? ஆனால் ஒன்று, அவளுக்கு ஊரில் உள்ளவர்கள் மேலெல்லாம் பொறாமை கிடையாது. ஒரே ஒருத்தி மேல்தான். கூடப் பிறந்த தங்கை ரேச்சல்.

இருவரும் ராயபுரத்தில் பிறந்தவர்கள். இருவரும் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஐரீன் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது பெரியம்மா மகளின் பழைய வெள்ளைக் கவுனைப் பிடித்துத் தைத்துப் போட்டார்கள். ரேச்சலுக்கு வண்ணாரப்பேட்டையில் கடை ஏறி இறங்கிப் புதிதாக எடுத்தார்கள். ஐரீனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கவுனின் கழுத்தில் எத்தனை வரிசை லேஸ் இருந்தது என்று இன்றைக்கும் தன் இட்லிக் கடைக்கு வருகிற லாரி டிரைவர்களிடம் சொல்வாள். பாவம், ஆந்திராவிலிருந்து சரக்கு ஏற்றி வந்தவனுக்கு அது எதற்கு?

பிறகு ரேச்சலுக்கு ரயில்வேயில் வேலை பார்க்கும் ஜெரால்ட் அமைந்தார். ஐரீனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலியான அருள்பிரகாசம் அமைந்தார். அவர் தங்கமான மனிதர், ஆனால் தங்கம் வாங்கித் தர முடியாத மனிதர். ரேச்சல் திருவொற்றியூர் ஜெபமாலைத் தெருவில் அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குப் போனாள். ஐரீன் சாலைக்கு இந்தப் பக்கம், லாரி நிறுத்தத்துக்குப் பின்னால், எங்கள் தகரக் கூரைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தாள். எங்கள் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருவுக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. தூசி மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போய் வருவாள். போலீஸ் சோதனை மாதிரி எல்லாவற்றையும் பார்ப்பாள். "திரைச்சீலை மாத்திட்டியா?" என்று கேட்பாள். அதோடு அன்றைக்குப் பாதிநாள் வீட்டில் யாரோடும் பேச்சு கிடையாது. மாதம் ஒருமுறை ரேச்சல் ஒரு காகிதப் பை கொடுத்தனுப்புவாள். ஐரீனின் மகள் சினேகாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண், பாதி நாள் பள்ளிக்கூடம் போக முடியாது. பைக்குள் அவளுக்கான இழுப்பு மருந்து இருக்கும். அதை வாங்கி வந்து என்னிடம் காட்டுவாள் ஐரீன்.

"பாத்தியா, எனக்குப் பிச்சை போட்டுக்கினு கீறா."

ஆனாலும் மருந்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள். பிள்ளைக்கு வேண்டுமே.

விலாச விவகாரம் சுகாதார நிலையத்தில் தொடங்கியது. முதல்முறை சினேகாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, கணினியில் பதிகிற பையன் வரிசைக்கே கேட்கும்படி "எந்தத் தெரும்மா?" என்றான். பின்னால் ஜெபமாலைத் தெருப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். கிடங்கு வரிசை என்று சொல்ல ஐரீனுக்கு நாக்கு எழவில்லை. தங்கையின் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு சொன்னாள். மூன்றாவது மாடி என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொன்னாளாம். அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்தது என்று அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? எங்கள் வரிசையில் யாருக்கு மூச்சு முட்டினாலும் துணைக்குப் போகிறவள் ஐரீன்தான். போகிற இடத்தில் எல்லோருக்கும் ஜெபமாலைத் தெருவையே சொன்னாள், கதவு எண்ணை மட்டும் வாய்க்கு வந்தபடி மாற்றி. கணினிக் கணக்குப்படி நானும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தேன். நல்ல காற்றோட்டமான வீடாக இருந்திருக்கும்.

போன வருஷம் டாக்டர் மகிழினி வந்தார். புளியந்தோப்புப் பெண், ஆராய்ச்சி செய்கிறவர். எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிறது, எங்கே கழிப்பறை இல்லை, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்றெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு தெருவின் வசதிக் குறைவுக்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். அதைச் சுகாதார நிலையப் பதிவுகளோடு தெருவாரியாக இணைத்தார்கள். எங்கே மூச்சு நோய் அதிகமோ அங்கே தினமும் நர்ஸ் உட்காரும் ஓர் அறை, ஆவி பிடிக்கும் மெஷினோடு திறப்பதாகத் திட்டம்.

முடிவைச் சொல்லக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு பக்கத்து ஜனங்களும் வந்திருந்தோம். சுவரில் எங்கள் பகுதியின் வரைபடம் விழுந்தது; மூச்சு நோய் அதிகமான இடத்துக்குச் சிவப்பு. ஜெபமாலைத் தெரு மட்டும் செக்கச்செவேல் என்று சிவந்து கிடந்தது. எங்கள் வரிசை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"எனக்கே ஆச்சரியமா இருக்கு," என்றார் மகிழினி. "வசதி ரொம்பக் குறைஞ்ச இடம் கிடங்கு வரிசை. அங்க மூச்சு நோயாளியே கிட்டத்தட்ட இல்லை. வசதியான ஜெபமாலைத் தெருவுலதான் அதிகம். ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

அடுக்குமாடிக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க தெருவைக் கலீஜாக்கப் பார்க்கிறீர்களா, நாளைக்கு யார் வீடு வாங்க வருவார்கள் என்று சத்தம் போட்டார்கள். ரேச்சல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த ஐரீனின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தங்கையின் தெருவுக்கு ஒரு கறை விழுந்ததை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"பதிவு இப்படித்தான் சொல்லுது," என்றார் மகிழினி. "அதனால மெஷின் அறை ஜெபமாலைத் தெருவுலதான் வரும்."

ஐரீனின் சந்தோஷம் அங்கேயே செத்தது.

"இத்தயும் அவளே எடுத்துக்கினாளா?" என்று என் காதில் சீறினாள். "எம் பொண்ணு இழுப்பக்கூட உடலயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சினேகாவை நினைத்ததும் நின்றுவிட்டது. ஜனவரியில் அந்தப் பெண்ணுக்கு இழுப்பு முற்றி, ஆட்டோவில் ஏற்றினோம். கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. சாலையைத் தாண்டுவதற்குள் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. சுகாதார நிலையம் அந்தப் பக்கம். இந்த மெஷினும் அந்தப் பக்கமே போனால் அடுத்த முறை என்ன ஆகும் என்று ஐரீனுக்குத் தெரியும்.

"மேடம்," என்று உட்கார்ந்தபடியே கேட்டாள். "யாரு இன்னா விலாசம் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. பேரு, கதவு எண் எல்லாத்தையும் எடுத்துட்டுத் தெருவை மட்டும்தான் எங்களுக்குக் கொடுப்பாங்க. யாருன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

ஆக, அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிரே தங்கை. சுற்றிலும் தங்கையின் தெருக்காரர்கள். ஐரீன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மூச்சு முட்டறவங்க யாரும் அங்க இல்ல மேடம். அல்லாரும் கிடங்கு வரிசைல கீறோம். நான்தான் ஏந்தங்கச்சி தெருவச் சொன்னேன். எங்க தெருவச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவ வூட்டுல இருக்கற மாறி சொல்லிக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அடுக்குமாடிக்காரர் ஒருவர் "அப்படிச் சொல்லு" என்று முனகினார். ரேச்சல் எழுந்து வந்து அக்கா பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "வூடு தேடி மருந்து குடுக்கற நர்ஸு மாசாமாசம் வர்றாங்க. சினேகா ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு சொல்லி நான்தான் வாங்கிக்கினு கீறேன்."

ஐரீனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் குரல் மாறியது.

"அப்போ அந்தப் பை? அது எம் மருந்தா?"

"உன்னுதுதான்."

"எம் மருந்த எனக்கே குடுத்துட்டு மகாராணி கணக்கா இருந்தியாடி?"

"நான் வாங்குனதா நீ நெனச்ச. நானும் உட்டுட்டேன்," என்றாள் ரேச்சல். "நீ என்னப் பொறாமையாப் பாக்கறது எனக்கு நல்லா இருந்துச்சு."

"உனுக்கு இன்னாடி கொறச்சல்?"

"கவுனு எனக்கு எடுத்தாங்க. ஆனா அன்னிக்குக் கோயிலுக்கு நடக்கறப்போ நைனா உங் கையத்தான் புடிச்சிக்கினு போனாரு. நான் பின்னால வந்தேன். கடைசி வரிக்கும் அவரு உன்னத்தான் மொதல்ல கூப்டுவாரு. நீ கவுனையே பேசுற. அத்த ஒரு நாளாச்சும் பேசினியா?"

ஐரீன் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தங்கைக்கு இடம் விட்டாள்.

மகிழினி எங்கள் விலாசங்களைத் திருத்தி, பதிவுகளை மறுபடி இணைக்க ஏற்பாடு செய்தார். அடுத்த படத்தில் சிவப்பு எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதைப் பார்த்து நாங்கள் கைதட்டியதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. லாரி நிறுத்தத்தை ஒட்டி ஓர் அறை திறந்தார்கள். போன மழையில் சினேகாவுக்கு இழுப்பு வந்தபோது செருப்புக்கூடப் போடாமல் நடந்தே போய் ஆவி பிடித்து வந்தாள்.

ஐரீனின் பொறாமை போய்விட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். ரேச்சல் வீட்டில் புது மிக்ஸி வந்த வாரம் அவள் சுட்ட இட்லியில் உப்பே இல்லை. ஆனால் டிரைவர்களிடம் கவுன் கதை சொல்லும்போது லேஸ் பற்றி இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நைனா தன்னுடைய எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்று காட்டுகிறாள்.