கல்யாணச் சேலையில் நான்கு சாட்சிகள்: தூத்துக்குடியில் ஒரு மாலை

பிப்ரவரி முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரைதான். ஆனால் நான் போனது முத்துக்காகவும் அல்ல, கடலுக்காகவும் அல்ல. உப்பளத்தில் வேலை செய்யும் நான்கு பெண்கள் ஐரோப்பாவில் நடக்கும் ஒரு கூட்டத்தில் இணையவழியே பேசவிருந்தார்கள். அதை மொழிபெயர்ப்பதும், அவர்களுடைய ஒப்புதல் முறைப்படி பெறப்பட்டதா என்று உறுதி செய்வதும் வழக்கறிஞரான என் வேலை. இத்தகைய பணிக்காக இந்தக் கரைக்கு வரக்கூடிய வழக்கறிஞர்கள், ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் வறுமையையும் சமூக விலக்கத்தையும் ஒன்றாக வைத்து அளக்கிறது. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியோடு அது நிற்பதில்லை. நைந்த துணிக்குப் பதிலாகப் புதிது வாங்க முடிகிறதா, இரண்டு ஜோடி காலணி உண்டா, மாதம் ஒருமுறையாவது உறவினரோடு அல்லது நண்பரோடு சேர்ந்து உண்ண முடிகிறதா என்றும் கேட்கிறது. வறுமை குறித்த கொள்கை வகுக்கப்படும் அறையில் வறுமையை அனுபவிப்பவர்களும் இருக்க வேண்டும் என்று அங்குள்ள அமைப்புகள் பல ஆண்டுகளாக வற்புறுத்துகின்றன. அவற்றுள் ஒன்று, தங்கள் நாடுகளுக்குச் சரக்கு அனுப்பும் துறைமுகங்களின் ஓரத்தில் வாழ்பவர்களையும் கேட்க விரும்பியது. கொள்கை நல்லது. அது தூத்துக்குடியில் வந்து இறங்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பார்த்தேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் கொடுத்த கட்டணம் நூற்றெழுபது ரூபாய். புதிய பேருந்து நிலையத்திலிருந்து மில்லர்புரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நண்பர் ஒருவரின் கணினிப் பயிற்சி மையத்தை அன்று மாலைக்கு வாடகைக்கு எடுத்திருந்தேன். இணைப்பைச் சோதித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திருச்செந்தூர் சாலையில் போகும் நகரப் பேருந்தைப் பிடித்தேன். நகரம் முடிந்ததும் சாலையின் இருபுறமும் உப்பளம்தான். நடுப்பகலில் கண்ணைத் திறந்து பார்ப்பது கடினம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்பதை மட்டும் காரணத்தோடு தவிர்க்கிறேன்.

நால்வரில் ஒருவரான ஜெயராணியின் வீடு சாலையிலிருந்து பத்து நிமிட நடை. அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. அதைப் பின்னர் விளக்குகிறேன். நாற்பது வயதை ஒட்டியவர், கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். மழைக்காலம் முழுவதும் அளத்தில் வேலை இருக்காது. மழை ஓய்ந்த பிறகு அளத்தை மேற்பார்வை பார்க்கும் கங்காணி ஆள் எடுப்பார். அந்த ஆள் எடுப்பு மறுநாள் விடியற்காலையில். அன்று பெயர் சேராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் வேறு அளம் தேடி அலைய வேண்டும். ஓர் அளத்தில் கழித்துவிட்ட ஆளை அடுத்த அளத்தில் எளிதில் சேர்க்க மாட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். வெளியூர் வக்கீல் ஒருவர் வந்து அளத்துப் பெண்களிடம் பேசப்போகிறார் என்ற செய்தி எனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது. அவரிடம் பேசுபவர்கள் புதன்கிழமை வர வேண்டியதில்லை என்று கங்காணி சொல்லியனுப்பியிருந்தார். கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க இயலுமா என்று அமைப்பாளரைத் தொலைபேசியில் கேட்டேன். இயலாது என்றார். அப்படியானால் விலகிக்கொள்வதே பாதுகாப்பு என்று அங்கே கூடியிருந்த நால்வரிடமும் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த ஜெயராணி, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

நான் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தேன். ஒளிப்பதிவு கிடையாது. படம் கிடையாது. பெயர் கிடையாது. நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். அளத்துக்குப் போகும் கோலத்திலேயே, அதாவது சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையும் தலையைச் சுற்றிய துண்டுமாக வந்தால் நலம் என்று அமைப்பாளர் கேட்டிருந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு மற்ற மூவரும் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள்.

நான்கு மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தவர்களைப் பார்த்துத் திகைத்தேன். நால்வரும் பட்டுச்சேலை. கழுத்தில் சங்கிலி, தலையில் மல்லிகை. ஜெயராணியின் சேலை அரக்கு நிறம், அகலச் சரிகை. ஐரோப்பாவின் முன் இவர்களை ஏழைகள் என்று எப்படி அறிமுகம் செய்வது என்ற கவலையில் நான் இருந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களைக் கடந்து, வேகம் குறைந்து, திரும்பி வந்தது.

"கங்காணி," என்றார் நால்வரில் ஒருவரும் ஜெயராணியின் பக்கத்து வீட்டுக்காரருமான பாக்கியம், உதடு அசையாமல்.

கங்காணி இயந்திரத்தை அணைக்கவில்லை, காலை மட்டும் ஊன்றினார். நால்வரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னளா, எல்லாரும் ஜொலிக்கிய. எங்கன கல்யாணம்?"

"டவுன்ல அண்ணாச்சி," என்றார் பாக்கியம். "உங்களுக்குப் பத்திரிகை வரலியோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார் யாரு?"

என் தொழிலில் பொய் சொல்வதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த நிறுத்தத்தில் அது பெருமையாகத் தோன்றவில்லை. "வழக்கறிஞர்," என்றேன்.

அவர் இயந்திரத்தை அணைத்தார். ஜெயராணி சாலையின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து வரவில்லை.

"வக்கீலுதான் அண்ணாச்சி," என்று பாக்கியம் சாதாரணமாகச் சொன்னார். "ரிஜிஸ்டர் கல்யாணம்லா. கையெழுத்துக்கு வக்கீலு வேண்டாமா? பொண்ணு வீட்டுல பாதிப்பேரு கோவிச்சிக்கிட்டு வரல. நாங்களாச்சும் போயி நிக்கணும்லா."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சட்டத்தில் மௌனத்துக்கு என்ன பொருள் என்று பல வழக்குகளில் வாதாடியிருக்கிறேன். அன்று அதன் எடையை உணர்ந்தேன். அவர் இயந்திரத்தை மீண்டும் உதைத்து, "காலையில நேரத்துக்கு வாங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சட்டையும் துண்டுமாக அவர்கள் நின்றிருந்தால் அவர் அப்படிப் போயிருக்க மாட்டார்.

ஐந்தரை மணிக்கு, ஐரோப்பாவில் பிற்பகல் ஒரு மணிக்கு, பயிற்சி மையத்தில் திரை ஒளிர்ந்தது. கூட்டத்தை நடத்துபவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. பட்டுச்சேலையையும் நகையையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உப்பளத்தில் வேலை செய்பவர்கள் இவர்கள்தாமா என்று என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பவனுக்குக் கேள்விகளை வடிகட்டும் உரிமை இல்லை. அப்படியே தமிழில் சொன்னேன். பாக்கியத்தின் முகம் இறுகியது. ஜெயராணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பாக்கியத்தைக் காட்டினார்.

"சேலை இவளுது. சங்கிலி எதுத்த வீட்டு அக்காளுது. செருப்பு மட்டுந்தான் எனக்குள்ளது, அதுவும் இந்த ஒன்னுதான். ஆபீசர்மாரப் பாக்கப் போகையில அழுக்குச் சட்டையோடயா போவாங்க? இல்லாதவன்னு தெரிஞ்சா உக்காரவே சொல்ல மாட்டாவ."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அந்தப் பெண்மணி மன்னிப்புக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். பிறகு மற்றக் கேள்விகள். மழைக்கால மாதங்கள், வெயிலில் கண் படும் பாடு, கழிப்பறை இல்லாத அளம் ஆகியவற்றை நால்வரும் மாறி மாறிச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை உறவினரோடு சேர்ந்து உண்பது பற்றிய கேள்வி வந்தபோது மற்ற மூவரும் ஜெயராணியைப் பார்த்தார்கள்.

"விசேச வீட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு," என்றார் அவர். "கூப்பிடத்தான் செஞ்சாவ. மொய் வைக்காம எப்படி எலையில உக்கார? ஒடம்புக்குச் சொகமில்லன்னு சொல்லிருவேன். இப்பம் கூப்பிடுததும் இல்ல. நெசமாவே சீக்குக்காரின்னு நெனச்சிட்டாவ. பெட்டியில கெடந்த இவ சேலைய நாங் கேட்டதும் இவளுக்கே ஆச்சரியம்."

வறுமைக்கும் விலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் எத்தனையோ ஆவணங்களில் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எங்கும் படித்ததில்லை.

முடிவில் அந்தப் பெண்மணி தம் குறிப்புகளை வாசித்துக் காட்டினார். பங்கேற்பாளர் எண் நான்கு இவ்வாறு கூறினார் என்று வந்தது. அது யார் என்று ஜெயராணி கேட்டார். நீங்கள்தான், உங்கள் பாதுகாப்புக்காக எண் போட்டிருக்கிறோம் என்றேன்.

"அளத்துலயும் பாத்தி நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுதாவ. இங்கனயும் நம்பரா? எம்பேர எழுதச் சொல்லுங்க."

அறிக்கை வெளியாகும், அதை யாரும் படிக்கலாம், கங்காணியின் கண்ணிலும் படலாம் என்று எச்சரித்தேன். மற்ற மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் கேட்டேன். ஒப்புதல் எவருடைய அழுத்தமும் இன்றித் தரப்பட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அது இருபுறமும் பொருந்தும், என் அழுத்தத்துக்கும் சேர்த்து. அவர் மாறவில்லை. பெயர் எழுதப்பட்டது. பின்னர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றேன். தேவைப்படாது என்றார்.

அந்த அனுமதி அந்த அறிக்கைக்கு மட்டும் உரியது. இந்த வலைப்பதிவுக்கு நீளாது. ஆகவே இங்கே வேறு பெயர், பாக்கியத்துக்கும் அப்படியே.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். அளத்துப் பகுதிக்கு நகரப் பேருந்து போதும்; திரும்பி வர இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே நல்ல தண்ணீர் அருமை. அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். நேர்காணலுக்கு நாள் குறிக்கும் முன் ஆள் எடுப்பு எப்போது என்று விசாரியுங்கள், நான் விசாரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரையும் இப்படி உடுத்தி வாருங்கள் என்று கேட்காதீர்கள். எப்படி வந்து நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு மில்லர்புரத்திலேயே தங்கினேன், அறுநூறு ரூபாய் அறை. காலை ஏழேகாலுக்குப் பேருந்து நிலையத்தில் நின்றபோது பாக்கியத்தின் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் ஜெயராணி. மூச்சு வாங்கியது.

"வேலை கெடச்சிட்டு சார். ஆனா கடைசிப் பாத்தி."

கடைசிப் பாத்தி என்றால் உப்பைச் சுமந்து நடக்கும் தொலைவு மிக அதிகம். கங்காணிக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை என்றார். எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கங்காணி தன்னிடம் மட்டும் கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எங்களையும் உக்காரச் சொல்லி எலை போட்டிருக்காவ அண்ணாச்சி, சோறு இன்னும் வரலன்னு சொன்னேன்."