கணக்கில் விட்டுப்போன கொட்டகை

என் வீட்டுக்காரர் சின்ன காண்ட்ராக்டர். வாய்க்கால் மதகு, சின்னப் பாலம், பள்ளிக்கூடச் சுவர், இவைதான் அவர் எடுக்கும் வேலைகள். எனக்கு எழுத்து வராது. இதையும் பேத்திதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு. ஆனால் டெண்டருக்கு ரேட் போடும்போது அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே போடுவார், நான் மீன் அலசியபடி கேட்பேன். மணல் எவ்வளவு தூரத்திலிருந்து வரும், லாரி உள்ளே போகுமா, ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் முடியுமா, வேளாங்கண்ணிக்கு ஆட்கள் நடந்து போகிற மாதமா. எல்லாம் ஒத்துவந்தால்தான் டெண்டரே போடுவார். கடைசியில் எப்போதும் இரண்டு வரும்: ஆட்கள் தங்க ஒரு கொட்டகை, சமையலுக்கு ஒரு ஆள்.

அந்த இரண்டையும் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. கொட்டகை என்றால் அவர் நாகப்பட்டினம் பக்கம் எங்கோ போய்ப் படுக்கப் போகிறார். மகனோ சிங்கப்பூரில். நான் ஒரு பிடி அரிசி பொங்கி, ரேடியோவோடு பேசிக்கொண்டு சாப்பிடுவேன். விலைவாசிச் செய்தி வந்தால் அதனோடு சண்டையும் போடுவேன்.

ஒருமுறை எங்கள் கொல்லைக்குப் பின்னாலேயே வாய்க்கால் பாலத்துக்கு டெண்டர் வந்தது.

“இதுக்கு எதுக்குங்க கொட்டகை? கொத்தனாரெல்லாம் நம்ம தெரு ஆளுங்கதானே. நீங்களும் மத்தியானம் வீட்டுல வந்து சாப்பிடுங்க.”

“அட, ஆமாண்டி!” என்று இரண்டையும் கணக்கிலிருந்து அடித்தார். கவர் பிரித்தபோது எங்கள் ரேட்தான் குறைவு, வேலை எங்களுக்கே. சந்தோஷத்தில் தெருவுக்கே கொழுக்கட்டை கொண்டுபோனேன்.

“அவருக்கு விசா வந்துருச்சு அக்கா. அடுத்த வாரம் துபாய்,” என்றாள் முதல் வீட்டுக் கொத்தனாரின் பெண்டாட்டி. வீட்டுக்கு வீடு இதே கதை. விசா கைக்கு வரும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கண்பட்டுவிடுமாம்.

புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு எதிர்க்கரையில் கைக்காசில் கொட்டகை போட்டோம். இவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேயே படுக்கப் போனார்.

“புது ஆளுங்கடி. சிமெண்ட் மூட்டை வேற கெடக்கு.”

சமையலும் என் தலையில். சோற்றுக் குண்டானை அங்கே இறக்கிவிட்டு வந்து, கொல்லை வாசலில் தனியே சாப்பிடுவேன். எதிரே அவர் ஆட்களோடு சிரித்துப் பேசிச் சாப்பிடுவது தெரியும். நாகப்பட்டினமாவது கண்ணுக்குத் தெரியாது.

பாலத்தில் லாபம் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்தது திருக்காட்டுப்பள்ளியில் ஒரு மதகு.

“கொட்டகையைப் பெருசாப் போடுங்க,” என்றேன். “சமையல் சம்பளத்தையும் ஏத்துங்க.”

“அவ்வளவு சம்பளத்துக்கு எந்த மகராசிடி வர்றா?”

“நான்தான் வர்றேன்.”

 அவரும் நான் சொன்னபடியே போட்டார்.

எங்கள் ரேட் கூடிப்போய், வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் தொங்கின முகத்தோடு படியேறியதுமே நான் எண்ணெய்ச் சட்டியை வைத்து வாழைக்காய் சீவத் தொடங்கினேன்.

“டெண்டர் போனதுக்கு யாராச்சும் பஜ்ஜி சுடுவாங்களாடி?”

“ஆறிடும். உக்காருங்க,” என்று பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.