டீனாவின் எடிட்டரில் ஒலித்த பெல்

ஆண்டர்சன்பேட்டையில் டீனாவைத் தெரியாதவர்கள் குறைவு. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள், சண்டை போட்டாலும் சிரித்துக்கொண்டே போடுபவள். ஆனால் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்பார்கள். மூச்சுக் கோளாறு உள்ளவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் மெஷின் கொடுக்கும் பெங்களூர் கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸை அவள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் மேல் இருக்கும் எங்கள் ஊரில் சுரங்கத் தூசி குடித்த நுரையீரல்கள் நிறைய. நானும் அதே வேலையில் சேர்ந்து, அவளுடைய மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். டேட்டாபேஸுக்குக் கட்டளை சொல்லும் குவெரி எழுதத் தெரியும். ஒரு வரியை ஓட்டினால் யாரோ ஒருவர் வீட்டில் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

குவெரி எழுதும் தன் எடிட்டரை டீனா மாதக்கணக்கில் செதுக்கியிருந்தாள். டேபிள் பெயர்கள் மஞ்சள், யார் யாருக்கு என்று வரையறுக்கும் நிபந்தனை வரி பச்சை. நிபந்தனை எழுத மறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. பதிவுகளை மாற்றும் குவெரி எதுவும் அதில் உடனே ஓடாது. முதல் தடவை கீயை அழுத்தினால், யார் யாருடைய பதிவு மாறும் என்று பெயர்கள் மட்டும் வரும். கூடவே மூன்று பெல் ஒலிக்கும். மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.

அந்தச் சத்தம் அவள் அப்பா வால்டர் கொடுத்தது. சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டுக்கு பெல் அடித்தவர் அவர். ஸ்டீல் டம்ளரில் ஸ்பூனால் தட்டச் சொல்லி, போனில் பதிவு செய்திருந்தாள்.

"மூணு பெல்லுன்னா கேஜுல ஆளு இருக்குன்னு அர்த்தம். கல்லு ஏத்துற மாதிரி ஏத்தக்கூடாது" என்றாள். "ஒரே ஒரு பெல்லுன்னா நிறுத்தணும். அடிச்சவனே வந்து திரும்ப அடிக்கிற வரைக்கும், துரையே சொன்னாலும் நகர்த்தக்கூடாது."

"எடிட்டர்ல எதுக்குக்கா கேஜு?"

"இதுவும் ஆளுங்கதானேடி?"

அன்று மதியம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் தூள் படிந்து, அறைக்குள் வெளிச்சம் பால்போலக் கலங்கியிருந்தது. பெங்களூரிலிருந்து மேனேஜர் விநாயக் கூப்பிட்டார்.

"டீனா, போன் எடுக்காதவங்க எல்லாரையும் குளோஸ் பண்ணும்மா. வண்டி ரெடி. சாயங்காலம் மெஷினை எடுத்துக்குவாங்க."

அவள் குவெரியை எழுதி, கீயை ஒருமுறை அழுத்தினாள். பெயர்கள் வந்தன. மூன்று பெல் ஒலித்தன.

கொஞ்சம் இடைவெளி. பிறகு இன்னொன்று. ஒரே ஒரு பெல்.

டீனா கையை எடுத்துவிட்டாள். நான் அவளுடைய செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒற்றை பெல் எங்கும் இல்லை. வால்டர் தட்டிய சத்தத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றோடு முடிந்தது.

"அப்பா, டம்ளர் தட்டினீங்களா?"

அடுத்த அறையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு குரல் வந்தது. "நான் இன்னாத்துக்குத் தட்டறேன்?"

"பூமி கொஞ்சம் ஆடியிருக்கும்க்கா, பாத்திரம் மோதியிருக்கும்" என்றேன். அடியில் வெட்டிப்போட்ட ஊர், எப்போதாவது அதிரும். சொன்னேனே தவிர, "நீ அழுத்து" என்று அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளியபோது என் விரல் நகரவில்லை. படித்ததெல்லாம் எங்கே போனது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

திரையில் கர்சர் நின்றிருந்த பெயர் தங்கவேலு, ஊரிகம்.

"பக்கம்தான். வா, போய்ப் பார்த்துடலாம்" என்றாள்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. வெளியே பூட்டு தொங்கியது. "மருமக வேலைக்குப் பெங்களூர் ட்ரெயினுக்குப் போச்சும்மா. கெழவன் இன்னும் சுரங்கத்துல இருக்கறதா நெனச்சுக்கினு எங்கனா போயிடறாருன்னு பூட்டிட்டுப் போவுது. போனும் அதுங்கிட்டதான், வேலையில எடுக்க வுடமாட்டாங்களாம்" என்றாள் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா.

ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். உள்ளே இருட்டு. மெஷின் மட்டும் இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

"தாத்தா?"

"யாரு, மேல இருக்கறது?"

"வால்டர் பொண்ணு டீனா, தாத்தா."

"பெல் கேட்டுச்சா?"

டீனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப அடிச்சீங்க?"

"இப்பத்தான். கேஜு ஆடிச்சு. ஒண்ணு அடிச்சேன். நிறுத்தினாங்களா?"

"நிறுத்திட்டோம் தாத்தா. நீங்க சொல்லாம ஓடாது."

மெஷின் இரண்டு மூச்சு விட்டது. பிறகு இருட்டிலிருந்து ஒரு ஸ்பூன் நீண்டு வந்து ஜன்னல் கம்பியில் தட்டியது. மூன்று முறை, நிதானமாக.

டீனா அங்கேயே நின்று விநாயக்கைக் கூப்பிட்டாள். "சார், உள்ள ஆளு இருக்காங்க. ஓட்டமாட்டேன். ஒவ்வொரு வீடா போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்." அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி அன்று வரவில்லை.

கிழவர் தினமும் கம்பியில் தட்டிக்கொண்டேதான் இருந்திருப்பார், அன்று தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஊரிகத்தில் தட்டியது ஆண்டர்சன்பேட்டையில் எப்படிக் கேட்கும் என்ற இடத்தில் என் விளக்கம் நின்றுவிடுகிறது.

இப்போது டீனாவின் எடிட்டரில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தவர் பெயரை எழுதாமல் யாருடைய பதிவையும் மூட முடியாது. நான் என் எடிட்டரிலும் அதைச் சேர்த்துக்கொண்டேன். பெல் சத்தத்தை மட்டும் சேர்க்கவில்லை. ஆனாலும் இரண்டாவது முறை அழுத்தும் முன், ஒரு நொடி காது கொடுத்துக் காத்திருக்கிறேன்.