கண்ணாடிப் பெட்டிக்குள் பாக்குப் பொட்டலம்

கண்காட்சி யோசனை தலைமையாசிரியர் ஹரிஹரசுப்ரமணியனுடையது. பையன்களிடம் பிடுங்கிய போதைப்பாக்குப் பொட்டலங்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பாக்கின் பெயரை எழுதி ஒட்டும்படி ரோஸ்லின் டீச்சரிடம் சொன்னார். "பார்த்தாலே பயம் வரணும்மா!"

பயம் வந்ததோ என்னவோ, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடப் பெயரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. இப்படி ஆகும் என்று ரோஸ்லின் டீச்சருக்கு முன்பே தெரியும். ஆனால் வேதாரண்யம் உப்பளக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். நாற்காலியில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை. சொன்னபடியே எழுதி ஒட்டினாள்.

கண்காட்சியைப் பார்க்கக் கல்வி அதிகாரி வரவேண்டிய நாளில், அவர் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு பார்த்தால், பெட்டி காலி.

கடைசிப் பொட்டலத்தோடு அகப்பட்டவன் பன்னிரண்டாம் வகுப்பு லியோ. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. "விட முடியல டீச்சர், வாய் கேக்குது" என்று போன வாரம் அவளிடம் தானாகவே வந்து அழுதவன். பாக்கு நினைப்பு வந்தால் வாயில் போட்டு மெல்லச் சொல்லி அவள் கிராம்பு கொடுத்திருந்தாள்.

"டி.சி. குடுத்துடலாம். நம்மளது போதையில்லாப் பள்ளி" என்றார் தலைமையாசிரியர்.

"அடுத்த மாசம் பரீட்சை சார். வெளியே அனுப்பினா பழக்கத்தை விட்டுடுவானா?"

"வெளியே என்ன பண்ணினா நமக்கென்னம்மா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதை ஒழிந்த கணக்கு!

பெட்டியை நிரப்ப வேண்டுமே. பியூன் வீரையனை அழைத்தார். "எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா."

வீரையன் செருப்புகூட மாட்டவில்லை. எதிர்க் கடைக்குப் போய்க் கைநிறையப் பொட்டலத்தோடு திரும்பினார். "ரெண்டு புது வகை வந்திருக்காம் ஐயா. அதையும் போட்டுக் குடுத்தாங்க."

"பள்ளிக்கூடம் பக்கத்துல இந்தச் சரக்கு விக்கிற கடையே இல்லைன்னுதானே சார் அதிகாரிகிட்ட சொல்லப் போறீங்க?" என்றாள் ரோஸ்லின். "லியோ வகுப்புல இருக்கட்டும். இல்லேன்னா பெட்டி எப்படி நிறைஞ்சுதுன்னு அவர்கிட்ட நான் சொல்லவேண்டி வரும்."

தலைமையாசிரியர் செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "அவனை வகுப்புல உக்காரச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

அதிகாரி வந்தார். பெட்டிமுன் நின்று, "அருமை" என்று படம் எடுத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் லியோ முகத்தைச் சுளித்துக்கொண்டு கிராம்பை மென்றான்.

ரோஸ்லின் அதிகாரியிடம் கடையைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒருவனை உள்ளே வைக்க, மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கடையைத் திறந்துவிட்டோமா? சாயங்கால மணி அடித்ததும் வாசலுக்கு வந்தாள். கடைமுன் கூட்டம். அதற்குள் போய் நின்றுகொண்டாள்.

"டீச்சருக்கு என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் வேணாம். தினமும் இந்த நேரத்துக்கு இங்கதான் நிப்பேன்."