ஒரே நாளில் பிறந்த மூவர்

"ஒனக்க படிப்பெல்லாம் மெஷினுக்க முன்ன செல்லாதுட்டி. ஒரு வீட்டுலேர்ந்து நாலு கணக்கு தொடங்கினா மொத்தமா பூட்டிருவான்," என்று மஸ்கட்டிலிருந்து அண்ணன் சொன்னான்.

கைபேசியில் ஆடும் விவசாய விளையாட்டு அது. ஆளுக்கொரு வயல், கொஞ்சம் கோழிகள். அடுத்தவர் வயலுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றலாம். கட்டட வேலை முடிந்து வந்ததும் அண்ணன் அதில்தான் கிடப்பான். போனில் அவனுக்கும் அம்மாவுக்கும் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டிப் பேச்சு வளராது. அவன் வயலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு என்றதும் அப்பாவும் எங்களோடு இருக்கும் அத்தையும் தங்களுக்கும் கேட்டார்கள்; என்னுடையதோடு சேர்த்து நான்கு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கணக்குகள் எதனால் முடக்கப்படுகின்றன என்று ஆங்கிலத்திலேயே தேடிப் படித்தேன். ஆளுக்கொரு சிம், ஆளுக்கொரு மின்னஞ்சல். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. பொய் விவரம் கூடாதென்று ஆதார் அட்டையில் இருந்ததை அப்படியே கொடுத்தேன்.

மழைக்காலம் முழுக்க விளையாட்டு தடையில்லாமல் ஓடியது. கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துவிட்டு வரும் அம்மா, கை கழுவியதும் போனை வாங்குவாள். "பய வந்து தண்ணி ஊத்திட்டு போயிருக்கான் பாரு" என்பாள், அவன் முற்றம் வரை வந்துபோனதைப் போல.

ஒரு காலையில் நான்கு வயல்களும் திறக்கவில்லை. ஒரே நபர் பல கணக்குகள் வைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருந்தது. கொடுத்த விவரங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு அட்டை எடுக்கும்போது ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவார்கள். அம்மா, அப்பா, அத்தை மூவருக்கும் அதே நாள். வீடும் ஒன்று, வைஃபையும் ஒன்று. எங்களுக்குப் பழகிப்போனது இயந்திரத்துக்குத் திருட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

"நானும் ஒனக்க அம்மையும் ஒரே ஆளாமா? கட்டின நாள்லேர்ந்து ஒரு வார்த்தை ஒத்துப்போனதில்ல!" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "நான் வேற ஆளுன்னு நீ சொல்லலியாட்டி? அவன் வந்து பாத்தா வயலக் காணாதே."

அண்ணனுக்குச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேம்லா" என்றான். பிறகு, "வேலை முடிஞ்சு வந்தா மொதல்ல அம்மைக்க வயலுக்குத்தான்ட்டி போவேன்," என்றான்.

அம்மாவுக்குப் புதிதாக ஒரு கணக்கு தொடங்குவது எளிது. ஆனால் முடக்கப்பட்ட ஆள் வேறு வாசல் வழியாக நுழைகிறாள் என்று அண்ணனின் கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டால்? அதனால் மறுபரிசீலனை கேட்டேன். அட்டையைக் கையில் பிடித்தபடி அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். என் தாய்க்குத் தன் பிறந்த நாள் தெரியாது, அவர் நானல்ல, இந்த ஒரு கணக்கையாவது திறந்துவிடுங்கள் என்று யார் உதவியும் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். இன்று காலை அனுப்பிவிட்டேன்.