டென்ஷனரில் ஒரு பெருக்கல் குறி

ஆசிரியர் அறைத் தோழிகளே,

என் ஜப்பான் பைக்கில், எஞ்சினுக்குள் ஓடும் கேம் செயினைத் தளராமல் பிடிக்கும் டென்ஷனரை மாற்றிவிட்டதாக ராயபுரம் மெக்கானிக் சொல்லியிருந்தார். இன்றும் எஞ்சின் கடகடத்தது. செயின் நழுவினால் எஞ்சின் நின்று, எண்ணூர் சாலையில் லாரிக்கு அடியில்தான் கிடப்பேன்.

மறுபடி அவர் கடைக்கே போனேன். “வண்டின்னா சவுண்டு வரத்தான் செய்யும். பொம்பளைக்கு இன்னாம்மா தெரியும்?” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“இவங்க எதிர்லயே கழட்டுங்க” என்றேன்.

கழற்றினார். முதலில் வண்டியை விடுவதற்கு முன்பே நான் பழைய டென்ஷனரைக் கழற்றி, காம்பஸ் முனையால் பெருக்கல் குறி கீறித் திரும்ப மாட்டியிருந்தேன். அந்தக் குறி அப்படியே இருந்தது.

“டீச்சர் உனக்குத் தப்பு போட்டுகிறாங்க மாமு!” என்றார் ஒருவர்.

அவரை இன்னொரு முறை உரக்கச் சொல்லச் சொன்னேன். புதியதைப் பூட்டும்வரை நகரவில்லை.

பழிவாங்கக் கூடாது என்று வகுப்பில் சொல்பவள்தான் நான். இன்று இனித்தது.

அந்த மெக்கானிக்கிடமே வண்டி விடுபவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். காம்பஸ் இரவல் தருகிறேன்.