விழுந்த பனையைப் பார்த்தவன்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கோதண்டத்தைப் போல முகத்துவாரத்துக்குள் கட்டுமரம் விட்டவன் அந்தக் காலத்தில் கிடையாது. கையெழுத்துகூடப் போடத் தெரியாதவன்தான். ஆனால் கரையில் நின்ற ஒற்றைப் பனையும் அதன் பின்னால் லைட்ஹவுஸும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் வழி, கொஞ்சம் விலகினால் மணல் திட்டு என்ற குறியை முப்பது வருஷம் தப்பவிட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். படட்டுமே, தானாகக் கற்ற வித்தை.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அவனும் தம்பி அங்கமுத்துவும் கடலில் இருந்தபோது கரையில் காற்று புரட்டி எடுத்து, பனை வேரோடு சாய்ந்துவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. விடியலில் மழை மூட்டத்தோடு திரும்பினார்கள்.

"அண்ணா, பனையக் காணோமே," என்றான் அங்கமுத்து.

"கண்ணு அவிஞ்சி போச்சாடா? தோ நிக்குது பாரு. துடுப்பப் போடு."

அண்ணனை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. போட்டான். கட்டுமரம் திட்டில் குத்தியது, அலை புரட்டியது, கட்டை அங்கமுத்துவின் பிடரியில் விழுந்தது. தம்பியின் உடம்பை இழுத்துக்கொண்டு கரையேறிய கோதண்டத்தின் கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால், பனை.

"நான் பார்த்தேன். நின்னுது," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

"பார்க்கல. வீம்புக்கு உட்டாரு," என்றாள் தம்பி பெண்டாட்டி லோகநாயகி.

பஞ்சாயத்து கூடியது. கருமாதி முடிந்ததும் அம்மன் கோயிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, பனையைப் பார்த்தேன் என்று கோதண்டம் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அது கடல் செய்த காரியம். செய்யாவிட்டால் உயிர் போனது அவனால். இனி எந்தக் கட்டுமரத்திலும் அவன் குறி பார்த்து வழி பிடிக்கக் கூடாது.

அணைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் கண்ணில் பனை நின்றது, காலில் பனை கிடந்தது. எதை நம்புவது? பழவேற்காடு பஜாருக்குப் போனான்.

அங்கே ஜலாலுதீன் பாய் டீக்கடை. கப்பலில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார ஆபீசர் சொல்லக் கேட்ட தத்துவமெல்லாம் அவருக்கு மனப்பாடம். எதிர் பெஞ்சில் சைக்கிள் கடை வேதாசலம்; பட்டணத்துப் புத்த சங்கத்தில் இருந்துவிட்டு வந்தவர். படித்தவர்கள் மேடை போட்டுப் பேசுவதை இவர்கள் ஒரு டீயில் பேசிவிடுவார்கள்.

"மேற்கத்திக்காரன்ல ரெண்டு கட்சி, கோதண்டம்," என்றார் பாய். "நீ பார்த்தாலும் பார்க்காட்டியும் பனை பாட்டுக்கு வெளியில கீது, இல்லன்னா இல்ல, இது ஒரு கட்சி. இன்னொரு கட்சி, உனக்குத் தெரியறதெல்லாம் உன் மனசுல விழுந்த படம்தான், வெளியில இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும், ஆனா பார்க்கிற நீ ஒருத்தன் கீற, அது மட்டும் நிச்சயம்னு சொல்லும்."

வேதாசலம் சிரித்தார். "அந்த 'நீ'யையும் நாங்க உட மாட்டோம் பாய். கண்ணு, வெளிச்சம், பொருளு, பழக்கம் எல்லாம் கூடுற நேரத்துல பார்வை பொறக்குது, கலையுது. தனியா பார்க்கிறவன்னு உள்ள எவனும் குந்திக்கினு இல்ல. முப்பது வருஷமா பார்த்த பனை இவன் மனசுல விதையா கிடந்துது. அன்னிக்கு மொளைச்சிடுச்சி."

"இவன் கட்சியில உள்ளாற ஆளே இல்லியாம். அப்புறம் டீக்குக் காசு யாரு குடுப்பான்?" என்றார் பாய்.

கோதண்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் சூடத்த அணைக்கலாமா, கூடாதா? அத்த சொல்லுங்க."

"பார்த்த மாதிரி இருந்துதுன்னு சொல்லு. பார்த்தேன்னு சொல்லாத," என்றார் பாய்.

வேதாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உனக்கு ஒரு பார்வை பொறந்துது. தம்பிக்கும் ஒண்ணு பொறந்துது. அவனுது பார்வை இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?"

கோதண்டம் டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

கோயிலில் தட்டில் சூடம் எரிந்தது. "பார்த்தேன். தாயறிய பார்த்தேன்," என்று கையை நீட்டினான்.

"இருங்க மாமா," என்று லோகநாயகி முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. "தினமும் விடியறப்ப அவரு வலையத் தோள்ல போட்டுக்கினு வர்றாரு. கண்ணால பார்க்கறேன். எழுந்து தட்டு வெக்கறேன். நானும் சூடத்த அணைக்கறேன். அணைச்சா, அவரு கீறாருன்னு ஊரு ஒத்துக்குமா?"

அவள் பொய் சொல்லவில்லை என்று கோதண்டத்துக்குத் தெரிந்தது. அவள் பார்க்கிறாள். அங்கமுத்து இல்லை. இரண்டும் உண்மை. அப்படியென்றால் தானும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பனை அங்கே நிற்கவில்லை; காணோம் என்று சொன்ன தம்பியின் வாயை அடைத்தது தான்தான்.

நீட்டிய கை அப்படியே நின்றது. சூடம் தானாக எரிந்து அடங்கியது.

அதற்குப் பிறகு கோதண்டம் வழி பிடிக்கவில்லை. மற்றவர்களுடைய மரத்தில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். கிடைத்த மீனில் பாதி லோகநாயகி வீட்டுக்குப் போகும். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். முகத்துவாரம் நெருங்கினால் பக்கத்தில் இருப்பவனின் தொடையைத் தட்டிக் கேட்பான். "கரையில உனக்கு இன்னா தெரியுது?"

"லைட்ஹவுஸு தெரியுது. வேற இன்னா தெரியணும்?" என்று எரிந்து விழுவார்கள். கிழவனுக்குப் பைத்தியம் என்று காதுபடவே பேசுவார்கள். அவன் தலையாட்டிவிட்டுத் துடுப்பைப் போடுவான்.

எண்பத்தாறில் காய்ச்சலில் கிடந்து சாகிறவரைக்கும் இதே கேள்விதான். கேட்காமல் அவனால் இருக்க முடியவில்லை. அவன் கண்ணுக்கு அந்தப் பனை ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டுதான் இருந்தது.